மூன்று பிரசிடெண்டுகளும் என் சித்தப்பாவும்

அமெரிக்க அதிபர்களைப் பற்றித் தலையணை கனத்தில் நாலைந்து புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். எந்த அதிபர் எந்தப் போரைத் தொடங்கினார், யார் அதை முடிப்பதாகச் சொல்லி இன்னொன்றைத் தொடங்கினார் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்து பிரசிடெண்ட்தான்.

மண்ணூர் பக்கம் எங்கள் ஊர். ஊராட்சித் தேர்தலில் கட்சி கிடையாது என்கிறது சட்டம். ஆகவே கட்சிக்காரர்கள் கட்சிச் சின்னத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, கொடுக்கிற சின்னத்தில் நிற்பார்கள். ஜெயித்தவருக்கு அந்தச் சின்னமே பெயராக ஒட்டிக்கொள்ளும். கம்பெனிகள் வந்த காலத்தில் இருந்தவர் ஆட்டோ. அவரைத் தோற்கடித்து எதிர்க்கட்சிக்காரர் கத்தரிக்காய் வந்தார். அடுத்து ஊராட்சி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் மூக்குக்கண்ணாடி. கையெழுத்து அந்தம்மாவுடையது, பிரசிடெண்ட் அவர் வீட்டுக்காரர்; பெயரும் அவருக்கே ஒட்டிக்கொண்டது. மனைவியைச் சுயேச்சையாக ஜெயிக்கவைத்து, பதவி முடிவதற்குள் இரண்டு கட்சியிலும் சேர்ந்து பார்த்துவிட்டார் மனிதர்.

சித்தப்பா இறந்த காலையில் சித்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"புள்ள பக்கத்துல வெச்சிடுப்பா. வேற ஒண்ணும் வாணாம்."

பிள்ளை என்றால் அவர்களுடைய ஒரே மகன். நைட் ஷிப்ட் முடிந்து ஒரகடம் ரோட்டில் பைக்கில் வந்தவனைக் கண்டெய்னர் லாரி அடித்தது. ஊர் சுடுகாட்டில்தான் புதைத்தோம். சித்தப்பா தலைமாட்டில் செங்கல் நட்டு வைத்து, வருடா வருடம் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார். சர்க்கரை வியாதியில் பாதத்தின் முன்பாதியை எடுத்த பிறகு அதுவும் நின்றது. குன்றத்தூரில் வாடகைக்கு இருக்கும் நான், ஒவ்வொரு வருடமும் அவருக்குப் பதிலாகப் போக நினைத்தேன். நினைப்பதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

குழிக்கு இடம் காட்ட மாமா, டீக்கடை அண்ணன், நான் என்று மூன்று பேர் போனோம். மாமா ஆட்டோவின் ஆள். டீக்கடை அண்ணன் கத்தரிக்காய்க்காக பூத்தில் உட்கார்ந்தவர். சாவு விழுந்தால் மட்டும் இருவரும் ஒரே பக்கமாக நடப்பார்கள். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு முன்பே வந்து காத்திருந்தார்.

சுடுகாடு சுத்தமாக இருந்தது. சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நின்ற இடம் கிரிக்கெட் ஆடலாம் போல மட்டமாகக் கிடந்தது. மேடும் இல்லை, செங்கலும் இல்லை. நடுவில் கத்தரிக்காய் கட்டிய கொட்டகை. இங்கே வருகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று தூணில் அவர் பெயர். மேற்கே, ஆட்டோ காலத்தில் எழும்பிய கம்பெனி மதில்.

"அவன எங்க மாமா வெச்சோம்?"

மாமா மதிலைப் பார்த்தார். "அப்ப இந்தச் செவுரு கெடயாதே. வேப்பமரத்த ஒட்டினாப்ல வெச்சோம்."

"மரம் எங்க?"

"செவுத்துக்கு அந்தாண்ட மாட்டிக்கிச்சு. வெட்டிட்டானுங்க."

டீக்கடை அண்ணனுக்கு இது போதும். "மரம் மட்டுமா? சுடுகாட்டு வழியயே கம்பெனிக்கு வுட்டுக் குடுத்தாரே உங்க ஆட்டோ."

"குடுத்தாரு. தெருவுக்கு ரெண்டு பேருக்கு வேல வாங்கித் தந்தாரு. உங்காளு இன்னா கிழிச்சாரு? வூட்ட வுட ஒசரமா ரோட்டப் போட்டு, மழ வந்தா அடுப்படில மீன் புடிக்க வெச்சாரு."

"வேல வாங்கித் தந்தாரா? இந்தப் புள்ள செத்ததே அந்த வேலைக்குப் போய்த்தான மாமா."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படித்தவன் என்ற முறையில் நான் நடுவே புகுந்து, ஒவ்வொரு ஆட்சியிலும் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கும் என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மாரு. உனக்கு இங்க ஓட்டே இல்ல" என்றார்கள் இருவரும். அன்று இரு கட்சிகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"யாரு இத மட்டம் பண்ணது?" என்று கேட்டேன்.

"மூக்குக்கண்ணாடிதான்" என்றார் மாமா. அண்ணனும் தலையாட்டினார். அது இரண்டாவது. "இருந்த காலத்துக்கும் அந்தாளு பண்ண ஒரே வேல. ஜேசிபிய வுட்டு ஒரே காலைல வழிச்சி எடுத்துட்டான்."

"எவனோ கேட்டுக்கீறான், செஞ்சிக் குடுத்துக்கீறான்" என்றார் அண்ணன்.

"வெயில் ஏறுது சார். எடத்தச் சொல்லுங்க" என்றார் குழி வெட்டுகிறவர்.

மாமா மதில் ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினார். அண்ணன் கொட்டகைப் பக்கம் காட்டினார். நான் இரண்டுக்கும் நடுவில் காட்டினேன். அரசியலில் என் நிலைப்பாடும் எப்போதும் அதுதான். மண்வெட்டி அங்கே இறங்கியது.

வீட்டில் சித்தி ஐஸ் பெட்டியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்துலதான?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். வாய் வரவில்லை. "தெரியல சித்தி. முள்ள எடுக்கிறேன்னு மூக்குக்கண்ணாடி எல்லாத்தையும் சமம் பண்ணிட்டாரு. மேடே இல்ல. நடுவுல ஒரு எடமா பார்த்து வெட்டச் சொல்லியிருக்கேன்."

பெட்டியின் மோட்டார் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது.

"நான்தான் கேட்டேன்" என்றாள் சித்தி.

எனக்குப் புரியவில்லை.

"ஓட்டு கேக்க வந்தப்போ. எல்லாரும் தண்ணி கேட்டாங்க, லைட்டு கேட்டாங்க. நான் சுடுகாட்டு முள்ள எடுத்துடுங்கன்னு கேட்டேன். அந்த முள்ளு குத்தித்தான இவுருக்குக் காலு புண்ணாச்சு. ஆறினா மறுபடியும் புள்ளயப் பாக்கப் போவாரு, குத்தாம இருக்கட்டும்னு." பெட்டிமேல் நழுவிய மாலையை நேராக்கினாள். "செய்யறேன்னாரு. செஞ்சிட்டு வந்து சொல்லிட்டும் போனாரு. நான் டீ போட்டுக் குடுத்தேன்."

மூன்று பிரசிடெண்டுகள் காலத்திலும் எங்கள் குடும்பத்துக்கென்று நிறைவேறிய வாக்குறுதி அது ஒன்றுதான்.

"நீங்க ஒரு தடவ வந்து பார்த்தா ஏதாவது அடையாளம்..." என்று இழுத்தேன்.

"நான் எங்கப்பா பாத்தேன் அந்த எடத்த? பொம்பளைங்கள தெரு முனையோட நிறுத்திட்டீங்க." பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள். "தெரிஞ்சவரு இவுரு ஒருத்தருதான்."

வாசலில் பாடை கட்டி முடித்தாயிற்று என்று மாமாவின் குரல் கேட்டது. சித்தி கையை எடுத்துக்கொண்டு, எழுந்து வழிவிட்டாள்.

"எடுத்துக்கினு போங்க" என்றாள். "அந்த மண்ணுக்குள்ளதான புள்ள எங்கியோ கீறான்."