பாதியில் அணைத்த அடுப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்ப்பதில்லை. பேசி முடித்த பிறகுதான் பார்ப்பேன். அப்படிப் பார்த்து வெட்கப்பட்ட நாட்கள் எனக்கு நிறைய உண்டு. மற்றவை மறந்துவிட்டன, இது ஒன்றுதான் மறக்கவில்லை.

போடியிலிருந்து மலையேறி, மெட்டுக் கணவாயையும் தாண்டி, ஜீப்பு மட்டுமே போகிற மண்பாதையில் இறங்கினால் எங்கள் வீடுகள் வரும். மொத்தம் ஆறு. மண் சுவர், தகரக் கூரை. எல்லோரும் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சின்னத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். அதோடு சேர்ந்து ஒரு ஸ்டோரும் அவருக்கு வந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை, ஏலக்காய் உலர்த்துகிற அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு குழாய் வழியாக உள்ளே போய், தட்டுகளில் பரப்பிய பச்சைக்காயைக் காயவைக்கும். கதவைச் சாத்திவிட்டால் ஒரு பகலும் ஓர் இரவும் சூடு இறங்கக் கூடாது. இறங்கினால் காயின் பச்சை போய் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடியில் ஏலம் விடும்போது யாரும் சீந்த மாட்டார்கள்.

அந்த மனிதரோடு எனக்கு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஊற்றிலிருந்து என் வீட்டுக்குத் தண்ணீர் வரும் ஓஸ் பைப்பை ஒரு கோடையில் யாரோ அறுத்துவிட்டார்கள். அவர்தான் என்று நான் முடிவு கட்டினேன். காட்டுப்பன்றி கடித்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார். வாயில்லாத பன்றி மேல் பழி போடாதீர்கள் என்று அவர் வாயை அடைத்தேன். அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் மனைவி, நான் மதினி என்று கூப்பிட்டுப் பழகியவள், எதிரே வந்தால்கூட ஏலச்செடியைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விடுவேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்தது. என் தங்கை அப்போது என்னிடம் இருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. போடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்ததும் பத்தியச் சாப்பாடு போட நான்தான் அவளை மேலே கூட்டி வந்திருந்தேன். பிள்ளைக்கு இருபது நாள். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்குப் போனவர், பாதை அடைபட்டுக் கீழேயே நின்றுவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ரேசன் அரிசி கொஞ்சம் கடன் வாங்கக் கடைசி வீட்டுக்குப் போயிருந்தேன். மேலே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மலையில் நிலச்சரிவு என்று யாரும் சொல்லமாட்டோம். மலையாளத்துக்காரர்களிடம் கேட்டுப் பழகி, உருள் பொட்டிருச்சு என்றுதான் சொல்வோம். நான் ஓடி வந்தபோது என் வீட்டுச் சுவரில் பாதியைக் காணவில்லை. வாசல் முழுக்கச் சேறு. உள்ளே தங்கையின் குரல் கேட்டது, பிள்ளையின் குரல் கேட்கவில்லை.

பக்கத்து வீடுகளில் இருந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். கவாத்துக் கத்தியால் தகரத்தைப் பிளந்து பிள்ளையை முதலில் வாங்கினோம். பிறகு தங்கையைத் தூக்கினோம். அவளுக்குக் காலில் சிராய்ப்பு மட்டும்தான். பிள்ளை சேற்றுத் தண்ணீரில் ஊறி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. மூச்சு இருந்தது, அழுகை இல்லை. போனில் சிக்னல் இல்லை, ஜீப்பு வர வழியில்லை. ஆறு வீட்டிலும் விறகு நனைந்து கிடந்தது. காய்ந்த, சூடான இடம் என்று அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிள்ளையை அணைத்துக்கொண்டு ஸ்டோரைப் பார்த்து ஓடினேன், தங்கையும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

அங்கே நான் கண்டதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே ஓடிப்போய், எரிகிற கட்டைகளை அடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மழையில் எறிந்துகொண்டிருந்தார். கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு மதினி நின்றாள்.

"இரு, உள்ள போகாத," என்றாள்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. பிள்ளை உள்ளே வந்தால் காய் கெட்டுவிடும் என்று அடுப்பையே அணைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். காயைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்றேன். உங்கள் குடும்பம் விளங்காது என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் அவர்களிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

அவர் கதவுகளை இரண்டு பக்கமும் திறந்தார். உள்ளிருந்து ஆவி குப்பென்று வந்தது. காயோடு தட்டுகளை வெளியே இழுத்துப் போட்டார். காய்க்குச் சூடு பார்க்கிற மாதிரி புறங்கையைக் குழாய்க்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்தார்.

"இன்னுங் கொஞ்சம் எறங்கட்டும்," என்றார். பிறகு, "இப்பக் கொண்டா. வெரசா," என்றார்.

மதினி பிள்ளையின் ஈரத்துணியை அவிழ்த்து, துடைத்து, தங்கையின் வெறும் மார்பில் படுக்கவைத்து, மேலே காய்ந்த சாக்கைப் போர்த்தினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"நீ வந்த வேகத்துல உள்ள விட்டுருந்தா பிள்ளை வெந்துருக்கும். பச்சைக்காயே சுருங்குற சூடு. நீ காய் எடுக்குறவ, உனக்கு எங்க தெரியும்?"

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் குழாய்க்கும் பிள்ளைக்குமாகப் புறங்கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சூடு குறைந்தால் ஒரு கட்டையைத் தள்ளுவார், ஏறினால் இழுப்பார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை முதலில் தும்மியது, பிறகு ஸ்டோரே அதிர அழுதது. நானும் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து ஜீப்பு வந்தது. போடி ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். என் வீடு மண்ணாகிப்போனதால் நாங்கள் மதினி வீட்டிலேயே தங்கினோம்.

அவருடைய காய்தான் போய்விட்டது. திரும்ப அடுப்பு மூட்டிக் காயவைத்தும் பாதிக்கு மேல் வெளுத்துக் கிடந்தது. அது அவர் தோட்டத்தின் ஒரு முழு எடுப்பு, ஒரு சுற்றில் பறித்த காய் அத்தனையும். அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் ஆறு வீட்டுப் பெண்களும் ஸ்டோர் தரையில் வட்டமாக உட்கார்ந்துவிட்டோம். பச்சை மிச்சமிருக்கிற காயை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே சேர்த்தோம். போடியில் கூலிக்குச் செய்கிற சோலி அது. பிள்ளை எங்கள் நடுவில் சாக்குமேல் தூங்கியது.

பொறுக்க உட்கார்ந்த இரண்டாம் நாள் அவர் காய் அள்ள உள்ளே வந்தபோது எப்படியோ துணிந்து சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக."

அவர் முறத்தைத் தட்டிக்கொண்டே, "மழைச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல ஆத்தா," என்றார்.

மதினி தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு," என்றாள். "எல்லாமே கேட்டுச்சு. இன்னும் ஒரு மூட்டை கெடக்கு, பேசாமப் பொறுக்கு."

வெளிச்சம் மங்கும்வரை, வாயைத் திறக்காமல் பொறுக்கினேன்.