ஜன்னலில் ஒரு சிவப்புக் காலுறை

சலவைக்கடையில் துணி மடிப்பவளுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என்பதே முதலாளிக்குச் சந்தேகம். எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவாள். கை மட்டும் ஓயாது.

ஆள் தேடி வராத ஒற்றைக் காலுறைகள் கடையில் ஒரு டப்பாவில் கிடக்கும். நிரம்பினால் குப்பைக்குப் போகும். "வேணும்னா நீ எடுத்துட்டுப் போ" என்று ஒருநாள் முதலாளி சொன்னார். அள்ளிக்கொண்டு போனாள்.

வீட்டு ஜன்னலில் அவள் கண்ணாடி ஜாடிகளில் கீரை வளர்த்தாள். மண்ணே கிடையாது. ஜாடியின் வாயில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கப், அதற்குள் ஸ்பாஞ்சுத் துண்டில் விதை, கீழே உரம் கலந்த தண்ணீர். வேர் மூச்சுவிட நடுவில் கொஞ்சம் இடம். முதல் தடவை வெளிச்சம் பட்டுத் தண்ணீர் பாசி பிடித்து, செடி செத்துப்போனது. அதனால் இந்த முறை ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு காலுறை மாட்டிவிட்டாள்.

"என் சாக்ஸுல கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது. உன் கீரை மாப்பிள்ளை கணக்கா நிக்குது!" என்றான் புருஷன்.

ஒரு காலையில் பேண்டு வாத்தியக்காரர் கடைக்குள் வந்து குதித்தார். "ஊர் ஊரா வாசிச்சுட்டு இப்பதான் பாக்குறேன், இங்க வெளுக்கப் போட்ட சிவப்பு சாக்ஸ்ல ஒண்ணு காணோம்! காலுக்கொரு கலர்ல போய் நின்னா ஊரே சிரிக்காதா?"

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளிடம் திரும்பினார். "நாளைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

அது எந்த ஜாடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? எடுத்துப்போகச் சொன்னதே அவருக்கு மறந்துவிட்டது. ஞாபகப்படுத்த அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அதை ஜாடியிலிருந்து கழற்றித் துவைத்து, இஸ்திரி போட்டு நீட்டினாள். வாத்தியக்காரர் ஜோடியை அங்கேயே மாட்டிப் பார்த்தார். ஒன்று சரியாக நின்றது. மற்றது சரசரவென்று கணுக்காலில் வந்து விழுந்தது.

"என்னம்மா, ஒரு கால் மட்டும் இளைச்சுப் போச்சா?"

முதலாளி முறைத்தார். "துவைச்சா சுருங்கும், விரியுமா? யாரு போட்டுக்கிட்டது?"

"கீரை போட்டிருந்தது, ஐயா."

ஆரம்பித்த வாய் அதன்பின் நிற்கவில்லை. பாசி, ஜாடி, டப்பா, அவர் சொன்ன வார்த்தை எல்லாம் கொட்டிவிட்டாள். முதலாளி தலையைச் சொறிந்தார். "ஆமா, சொன்னேன்ல..."

வாத்தியக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டையும் கழற்றி அவள் கையில் வைத்தார். "கீரைக்கே போட்டுவிடு. நான் புது ஜோடி வாங்கிக்கிறேன். என் சாக்ஸ் போட்ட கீரையைக் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான்."

இப்போது ஜாடிகள் கடை ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன. காலுறை தொலைத்தவர்கள் முதலில் அங்கேதான் குனிந்து தேடுகிறார்கள். கிடைத்தாலும் கழற்றுவதில்லை.

"இருக்கட்டும்மா, கீரை பறிச்சதும் வாங்கிக்கிறேன்."