சோறு ஊட்ட ஒரு முகம்

பல்லாவரத்துக் கல்குவாரியில் வெடி முந்திக்கொண்டதில் ஜெயவேலுவுக்கு இடக்கண் போயிற்று. கன்னம் வெந்து உதடுவரை இழுத்துக்கொண்டது. அதற்கப்புறம் மேற்குத் தாம்பரத்தில் அவன் குடியிருந்த தெருவில் அந்த முகத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. சோறு தின்ன அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம், "தின்னலேன்னா அதோ வர்றான் பாரு, புடிச்சிக்கினு பூடுவான்" என்பார்கள் தாய்மார்கள். அவனும், பாவி மனுஷன், பிள்ளை சாப்பிட்டால் சரி என்று கண்ணை உருட்டிக் காட்டிவிட்டுப் போவான்.

எழுபதாம் வருஷம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக ஒரு புரளி. ஊரே கிலி பிடித்துக் கிடந்தது. பக்கத்து ஊரில் எவனோ ஒரு பிச்சைக்காரனைக் கட்டிவைத்து அடித்தே கொன்றுவிட்டார்களாம். ஜெயவேலு வெளியே தலைகாட்டவே பயந்தான்.

வேறு வழியில்லாமல் வெளியே போன ஒரு நாள்தான் ஸ்டேஷன் வாசலில் எதிர்வீட்டுத் தையல்நாயகியின் மகள் ரமாவைப் பார்த்தான். நாலு வயது. அம்மாவோடு மார்க்கெட்டுக்கு வந்தவள் போலிருக்கிறது, அம்மாவைக் காணோம். கையில் பிஸ்கெட். விபூதியும் படிய வாரிய தலையுமாக ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் அவளைப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போனார். அவரை அந்தத் தெருவில் கண்டதே இல்லை. கூப்பிட்டால் அடி விழும். கூப்பிடாவிட்டால் பிள்ளை ரயிலேறிவிடும்.

"ரமா! யாரும்மா இவரு? அம்மா எங்கே?"

குழந்தை நிமிர்ந்து பார்த்து வீறிட்டாள். ஓடிப்போய் அந்த மனிதரின் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவ்வளவுதான். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் ஜனங்களுக்கு?

"அப்பன் காலைக் கட்டிக்கினு நடுங்குது பாரு கொழந்தை! டேய், புள்ள புடிக்கிறவன்டா!"

மின்சார ரயில் உள்ளே நுழைந்தது. அந்த ஆள் குழந்தையைத் தூக்கினார். ஜெயவேலு பாய்ந்து பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டான். முதுகில் செருப்பும் குடையும் விழுந்தன. குழந்தை அவன் கையைக் கடித்தாள்.

"அட்ச்சுக்கோ நைனா! இவங்கம்மா வர்ற வரிக்கும் வுடமாட்டேன்!" என்று கதறினான். இன்றோடு செத்தோம் என்றுதான் நினைத்தான்.

மகளைத் தேடி அலறிக்கொண்டு தையல்நாயகி ஓடிவந்தாள். "ஐயோ, அட்க்காதீங்க! எங்க எதிர்வூட்டுக்காரருய்யா!"

"அப்போ கொழந்தையோட அப்பா?"

"அவரு வேலைக்கில்ல போயிருக்காரு!"

திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சட்டையைக் காணோம். ரயிலும் போய்விட்டது.

போலீஸ்காரர் வந்து, ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார். முப்பது பேர் பார்த்திருந்தார்கள். மீசை இருந்ததா? தெரியாது. உயரமா, குட்டையா? ஆளுக்கொன்று சொன்னார்கள். "நல்ல மனுஷன் மாதிரி கீந்தாரு சார்" என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

ரமா அம்மாவின் தோளிலிருந்தபடி கூட்டத்தைத் துழாவினாள். ஜெயவேலுவின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"பிஸ்கெட் மாமா எங்கம்மா? நம்ம வூடு எங்கேன்னு கேட்டாரு. நான் சொன்னேனே."