பத்து ஆட்டுக்கும் ஒரே வரி

நரிக்குடி பக்கம் ஓர் ஊரில் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் முகாம். லேப்டாப்பில் குறிப்பெடுப்பது என் வேலை. குறிப்பெடுக்கும் ஆப்பில் கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அமுக்கினால், எழுதிய வரி அப்படியே கீழே இன்னொரு முறை வந்து நிற்கும். முந்தின நாள்தான் கற்றிருந்தேன். கை சும்மா இருக்குமா?

முத்தம்மாள் அக்கா பத்து ஆடுகளை ஓட்டி வந்தார். முதல் ஆட்டுக்கு, "கருப்பு, பெட்டை, சினை இல்லை" என்று எழுதினேன். மற்றவையும் கருப்பாகத்தான் தெரிந்தன. ஒன்பது முறை அமுக்கிவிட்டு, மருந்து கொடுக்க வந்திருந்த கால்நடை டாக்டருக்குக் கேட்கும்படி பெருமையாக வாசித்தேன்.

மூன்றாவது வரியிலேயே அக்கா சிரித்துவிட்டார். "என்ன சார், வாசிச்சதையே வாசிக்கிறீக? ஒரே ஆட்டையா பத்துவாட்டி ஓட்டிட்டு வந்தேன்?"

"பட்டனை அமுக்கினா அதுவே எழுதிக்கிரும்க்கா" என்று அசடு வழிந்தேன்.

அவர் ஓர் ஆட்டை இழுத்து அணைத்துக்கொண்டார். "இவ ராணி. சினையா இருக்கா. சினை ஆட்டுக்கு இந்த மருந்து ஆகாதுன்னு போனவாட்டியே டாக்டரு சொன்னாக."

மருந்தும் கையுமாக நின்ற டாக்டர் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வோர் ஆடாகக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

சில மாதம் கழித்து அக்கா போன் செய்தார். "சார், ராணி ரெண்டு குட்டி போட்டிருக்கா. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுபோல இருக்கு. இப்ப அமுக்கிக்கோங்க உங்க பட்டனை!"

அந்தப் பட்டனை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அன்று அதைத் தொடாமல் கேட்டேன்: "ரெண்டுக்கும் பேரு வச்சாச்சாக்கா?"