சந்தனம் வைத்த டிஸ்க்

செல்வநாயகி முதலில் புறங்கையை வைப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல, கணனியின் முதுகில், காற்றுப் போகும் வெட்டுகளுக்கு மேலே. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு குனிந்து மணந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம் சுகம் விசாரிப்பு, தேத்தண்ணிக்கு ஓம்.

"என்ன பிள்ளை, இதுக்குச் சால்வை போத்து வைச்சிருக்கிறாய்? மூச்சு விடட்டும்."

சால்வை அல்ல, வெள்ளை நூலில் பின்னிய விரிப்பு. கோப்பாய், புத்தூர்ப் பக்கத்து வீடுகளில் ரேடியோவுக்கும் ரீவிக்கும் அப்படியொன்றைப் போட்டு, மேலே பூச்சாடி வைப்பார்கள். இலண்டனிலும் ஜேர்மனியிலும் இருந்து மகன்மாரும் மச்சான்மாரும் அனுப்பிய கணனிகளுக்கும் அதே மரியாதை கிடைத்தது. செல்வநாயகி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கழன்று வருவது அந்த விரிப்பு. நாலாக மடித்து, பூச்சாடியை அதன் மேல் வைத்து, வீட்டுக்காரியின் கையிலேயே கொடுத்துவிடுவார்.

ஊரில் அவருக்கு 'எக்சேஞ் அக்கா' என்று பெயர். தபாற்கந்தோரின் தொலைபேசிப் பலகைக்கு முன்னால் இருந்து, அரை ஊரின் குரலை மற்ற அரை ஊரின் காதில் செருகியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. சுருக்கமாகப் பேசுவார், மற்றவர் இழுத்தால் வெட்டிவிடுவார். ஜேர்மனியில் இருக்கும் தம்பி, தான் பாவித்த கணனியைக் கப்பலில் அனுப்பி, 'அக்கா, பொழுது போகாட்டி விளையாடுங்கோ' என்று எழுதியிருந்தான். செல்வநாயகி விளையாடவில்லை. மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். கூடவே வந்த பத்து டிஸ்க்குகளை ரேடியோப் பெட்டிக்கு மேல் அழகாக அடுக்கி வைத்தார். ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது என்பது ஒரு கிழமைக்குப் பிறகு, எல்லாம் வெறுமையான பின்தான் விளங்கியது.

"பத்தையும் சாக்கொண்டுதான் பழகினனான்," என்று இப்போது வீடு வீடாகச் சிரித்துக்கொண்டு சொல்கிறார். "நீங்கள் ஒண்டையும் சாக்கொல்லாமல் பழகுங்கோ."

அவருடைய புத்திமதிகள் கேளாமலே வரும். திரை அசையாமல் நின்றுவிட்டால் ஆத்திரத்தில் எல்லாப் பொத்தானையும் குத்தக்கூடாது. லைன் எங்கேஜ், கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேசைக் காலுக்கு அடியில் தண்ணீர்ச் சிரட்டை வைக்க வேண்டும், சூடான பெட்டிக்குள் எறும்பு குடியேறப் பார்க்கும். கொடிகாமத்தில் ஒரு வீட்டில் பல்லி முட்டையே எடுத்திருக்கிறார். கணனியில் டிஸ்க் போடும் வாயில் சிவப்பு விளக்கு எரியும்போது டிஸ்க்கை இழுப்பவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பு பதறும். "அது கதைச்சுக்கொண்டிருக்குது. கதைக்கேக்கை நாக்கைப் பிடிச்சு இழுக்கிறேல்லை." மின்சாரம் போய் வந்தால் உடனே போடக்கூடாது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு: "முதல் வாற கறன்ற் வெறிகாரன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு வரும். குண்டு லைற் நிதானத்துக்கு வரட்டும், பிறகு போடுங்கோ."

டிஸ்க்குகளை இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவார். சென்றியில் காவலுக்கு நிற்பவர்கள் மறித்து என்ன என்று கேட்டால் 'கதை' என்பார். ஒருமுறையும் அவிழ்க்கச் சொன்னதில்லை.

இந்தப் பெயரும் புகழும் அவருக்குச் சும்மா வரவில்லை என்பதைப் புத்தூர்ச் சனம் கண்ணால் கண்டது போன விஜயதசமி அன்று.

பரமலிங்கம் மாஸ்ரர் புத்தூரில் சித்திரம் படிப்பிக்கிறவர். இலண்டன் மச்சான் அனுப்பிய கணனியும் பிரிண்டரும் அவரிடம் இருந்தன. அந்தக் கணனிக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். மாஸ்ரர் கட்டம் போட்ட தாளை எடுத்தார். ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பெரிதாக, புள்ளி புள்ளியாகக் கட்டங்களில் நிரப்பினார். அந்தப் புள்ளிகளை எண்களாக்கிக் கணனிக்குள் ஏற்றினார். 'ஞ' மட்டுமே அவரை ஒரு மாதம் அலைக்கழித்தது. இப்படி ஒரு வருடத்துக்குக் கிட்ட. கண்ணாடி இரண்டு முறை மாறியது. நிரப்பி முடித்த தாள்களைக் கறையான் தின்றது, அதற்காக அவர் கவலைப்படவில்லை, எல்லாம் டிஸ்க்கில் இருந்தது. விஜயதசமி அன்று தன் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஏடு தொடக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் கணனியில் அச்சடித்த எழுத்துத்தாள் தருவேன் என்று அவர் வாய்விட்டிருந்தார்.

அடுத்த ஒழுங்கையில் அரிசி மில் வைத்திருக்கும் கந்தப்பு அதைச் சந்தியில் வைத்துக் கேட்டுச் சிரித்தார். "மாஸ்ரர், உந்தப் பெட்டி வெள்ளைக்காரன்ரை வயித்திலை பிறந்தது. அதுக்கு இங்கிலிசுதான் தாய்ப்பால். தமிழ் வராது." அதுதான் ஊர்ப் பேச்சாயிற்று.

செல்வநாயகி சொன்னபடி மாஸ்ரர் எழுத்துகளை இரண்டு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தார். சரஸ்வதி பூசை வந்தது. மனைவி பத்மாவதி புத்தகங்களோடு இரண்டையும் படத்துக்கு முன்னால் அடுக்கினார். புத்தகத்துக்குச் சந்தனம், பேனைக்குச் சந்தனம், மாஸ்ரரின் தூரிகைகளுக்குச் சந்தனம். டிஸ்க் என்பது கறுப்பு மட்டை உறைக்குள் கிடக்கும் மெல்லிய வட்டம். உறையின் நடுவே நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்பு, அதற்குள்தான் மண்ணிறத்தில் பளபளவென்று அந்த வட்டம் தெரியும். கணனி வாசிப்பதும் எழுதுவதும் அந்தத் திறப்பு வழியே. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் பத்மாவதியின் கண்ணுக்குப் படவில்லை. குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். இரண்டுக்கும் வைத்தார். "ஒண்டுக்கு வைச்சு மற்றதை விட்டால் வேற்றுமையெல்லோ அக்கா," என்று பிறகு அழுதுகொண்டு சொன்னார்.

விஜயதசமி காலை மாஸ்ரர் ஒரு டிஸ்க்கை எடுத்து, காய்ந்த சந்தனத்தை வேட்டித் தலைப்பால் துடைத்து, கணனிக்குள் தள்ளினார். மரத்தை அரம் அராவுவதுபோல ஒரு சத்தம். குங்குமத் துகள் வட்டத்தை வட்டமாகவே கீறிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தபோது வெள்ளைக் கோடு கோடாகக் கிடந்தது. மாஸ்ரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாயில் செல்வநாயகி வீட்டுக்குப் பறந்தார்.

செல்வநாயகி வந்ததும் வழக்கப்படி புறங்கை. பிறகு கேள்விகள்.

"மற்றது எங்கை?"

மாஸ்ரர் நீட்டினார். சந்தனம் பொருக்காகக் காய்ந்திருந்தது.

"துடைச்சனீங்களோ?"

"இல்லை அக்கா."

"உள்ளுக்கை போட்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப உயிர் இருக்கு."

கிணற்றடியில் ஒருக்கா அலசிக்கொண்டு வரட்டோ என்று பத்மாவதி கேட்டார். செல்வநாயகி அடுப்பில் இருந்த கேத்திலின் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க நல்லது, இந்த வட்டத்தில் காய்ந்தால் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும் என்றார். சுத்தமான தண்ணீர் வேண்டும், கார்க் கராஜில் பற்றரித் தண்ணீர் இருக்கும், ஆனால் இன்று கராஜ் பூட்டு.

பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். இடியப்பம் அவிக்கும் பானையில் வெறுந்தண்ணீரைக் கொதிக்க வைத்தார். மூடியில் ஆவி பிடித்து முத்து முத்தாக நின்றபோது அதைச் சரித்துக் கிண்ணத்தில் வடித்தார். மறுபடி மூடினார், மறுபடி வடித்தார். கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தபோது செல்வநாயகி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நான் யோசிக்கேல்லை பிள்ளை."

பிறகு சவர பிளேட்டால் உறையின் மேல் விளிம்பை அறுத்தார். வட்டத்தை நடு ஓட்டைக்குள் விரல் விட்டு, பளபளக்கும் பரப்பைத் தொடாமல் வெளியே எடுத்தார். கைக்குள் கிடந்தபோது அது அப்பளத்தை விட மெல்லிசாக நடுங்கியது. ஒரு வருட உழைப்பு. மாஸ்ரர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆவித்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குங்குமம் தானாக மிதந்து வழியும்வரை செல்வநாயகி தேய்க்கவே இல்லை. சந்தனம் ஊறிக் கரைந்து போனது. பென்சிலில் கோர்த்து நிழலில் தொங்கவிட்டார். காயும் நேரத்தில், சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கணனியின் வாசிக்கும் தலையில் ஒட்டிய சந்தனத்தையும் எடுத்தார். புது டிஸ்க் ஒன்றின் வயிற்றை அறுத்து, அதன் வட்டத்தைத் தூக்கி எறிந்து, கழுவிய வட்டத்தை அந்த உறைக்குள் வைத்தார்.

கணனியைப் போடக் கை நீட்டியபோது மேலே குண்டு லைற் சிவந்து சுருங்கியது.

கந்தப்புவின் மில். பூசைக்கு ஓய்ந்து கிடந்த இயந்திரத்தை விஜயதசமி நல்ல நேரத்தில் மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார். மில் ஓடினால் மாஸ்ரரின் ஒழுங்கைக்கும் மிஞ்சுவது அரை உயிர் மின்சாரம். வாசித்துக்கொண்டிருக்கும்போது கணனி செத்தால் இந்த டிஸ்க்கும் போகும். "கழுவின டிஸ்க் ஒருக்காக் கதைக்கும். இரண்டாந்தரம் கதைக்குமோ ஆருக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு செல்வநாயகி படலையைத் திறந்துகொண்டு நடந்தார்.

மில்லில் சனம் நிறைந்திருந்தது. ஓலைப்பெட்டியும் தகர வாளியுமாகப் பெண்கள் வரிசை. செல்வநாயகி இயந்திரச் சத்தத்துக்கு மேலாகத் தன் பழைய கந்தோர்க் குரலை எடுத்தார்.

"கந்தப்பு அண்ணை, மில்லை ஒரு அரை மணித்தியாலம் நிப்பாட்டுங்கோ."

"விசரே பிள்ளை? நல்ல நேரத்திலை தொடங்கினதை நிப்பாட்டுறதே?"

"நல்ல நேரத்திலை தொடங்கியாச்செல்லே. ஒரு பெட்டி அரைச்சு இறக்கியுமாச்சு. இனி நிண்டால் குறையில்லை."

"இந்தச் சனம் என்னைத் திண்டிடும்."

"சனத்தை மாஸ்ரர் வீட்டை அனுப்புங்கோ. நீங்களும் வாங்கோ. அந்தப் பெட்டிக்குத் தமிழ் வராது எண்டு சொன்னனீங்களெல்லே, வராட்டி முன்னுக்கு நிண்டு சிரிக்கலாம்."

வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் அன்று காலைதான் பிள்ளைக்கு ஏடு தொடக்கியவர்கள். மாஸ்ரரின் தாள் எங்கே என்று அவர்களுக்கும் கேள்வி இருந்தது. சிரிப்பு எழுந்தது. கந்தப்பு பல்லைக் கடித்துக்கொண்டு சுவிச்சை இறக்கினார்.

மாஸ்ரர் வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. யன்னலில் தலைகள், வாசலில் வாளிகள். குண்டு லைற் வெளுத்து நிதானமானது. செல்வநாயகி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டிஸ்க்கை உள்ளே தள்ளினார். சிவப்பு விளக்கு எரிந்தது. டிஸ்க் சுழலும் சத்தம் ஒருமுறை இழுபட்டது, நின்றது, பிறகு மறுபடி சுழன்றது. செல்வநாயகி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

விளக்கு அணைந்தது. அச்சடிக்கும் பொத்தானை நோக்கி மாஸ்ரர் கையை நீட்டினார். செல்வநாயகி அந்தக் கையைத் தட்டிவிட்டு, முதலில் எல்லாவற்றையும் புதிதாக ஒரு டிஸ்க்கில் எழுதினார். அதே கையோடு இன்னொன்றிலும் எழுதினார். "இனி அடியுங்கோ."

பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு அப்பாலும் இப்பாலும் ஓடியது. முதலில் ஒரு தொப்பி போல வளைவு. பிறகு சுழி. பிறகு நெடுங்கோடு. தாள் ஏற ஏற, யன்னலில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. மாஸ்ரர் தாளைக் கிழித்தார், அவசரத்தில் ஓரம் கோணிப்போனது, தூக்கிப் பிடித்தார்.

"ஆனா," என்றது ஒரு பிள்ளை.

அதற்குப் பிறகு முற்றத்தில் எழுந்த சத்தத்தில் மில் தோற்றிருக்கும். 'ஞ' வந்தபோது மாஸ்ரர் அழுதார். பத்மாவதி தாள்களைக் கிழித்துக் கிழித்து யன்னல் வழியே கொடுத்தார், ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. கந்தப்பு ஒரு தாளை மா படிந்த விரல்களால் ஓரத்தில் மட்டும் பிடித்து, தூரத்தில் வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார்.

"தாய்ப்பால் குடுத்தது மாஸ்ரர்தான் போலை," என்றார். பிறகு செல்வநாயகியிடம் திரும்பி, "பிள்ளை, என்ரை மில்லின்ரை பேரையும் உதிலை பெரிசா அடிக்கலாமே?"

அரை மணித்தியாலம் எப்போதோ கடந்திருந்தது. வரிசையில் நின்ற ஒருவருக்கும் மாவின் நினைவு வரவில்லை.

இந்த ஆரவாரத்துக்குள் செல்வநாயகி புதிதாக எழுதிய டிஸ்க் ஒன்றை எடுத்து மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று பத்மாவதி மறித்தார்.

"ஒரு வீட்டிலை இரண்டும் இருந்தால் அது இரண்டில்லை பிள்ளை, ஒண்டுதான். இது இனி என்ரை வீட்டிலை இருக்கும்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். சனமெல்லாம் மாஸ்ரர் வீட்டுக்குள் இருந்தது. வெய்யில் ஏறிய ஒழுங்கையில் ஒரு கோழிகூட இல்லை. செல்வநாயகி ஏறி மிதித்தார். பருத்தித்துறை வீதியில் ஏறும்வரை, விலகுவதற்கு ஒருவருமில்லாத அந்த ஒழுங்கை முழுக்க, சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்.