கிளட்சை மிதித்த கால்

கலியபெருமாளுக்கு வாதம் வந்து பதினெட்டாம் நாள், மருத்துவமனையிலிருந்து சிங்கவரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் படுத்த கொஞ்ச நேரத்தில் மனைவி ரத்தினம்மாளைக் கூப்பிட்டு, போர்வையை விலக்கச் சொன்னார்.

"இது யாரு காலு?"

"உங்க காலுதாங்க. வேற யாருது?"

"என்னுது இல்ல. எடுத்து அந்தாண்ட போடு."

வாய் கோணிப் பேச்சு குழறியதால், தான் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் ரத்தினம்மாள் முதலில் நினைத்தாள். சாயங்காலம் மறுபடியும் அதையே சொன்னார்.

செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் இடையே இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக ஓடியவர் அவர். அமாவாசைக் கூட்டத்தில் மூச்சுத் திணறும் வண்டிக்குள் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பார். ஐம்பத்தொரு வயது. ஒரு நாள் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

வாரம் இரண்டு முறை வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தாள் பிசியோதெரபிஸ்ட் மஞ்சு. சிலருக்கு மூளை உடம்பின் ஒரு பக்கத்தைத் தன்னுடையது என்று அறியாமல் போவதுண்டு, போகப்போகச் சரியாகும் என்று ரத்தினம்மாளிடம் சொன்னாள். மூன்றாவது முறை வந்தபோது அவருடைய இடது பாதத்தை மேல்நோக்கி மடக்கினாள். கணுக்கால் துடிக்கத் தொடங்கியது. கீழே, மேலே, கீழே, மேலே. அவள் கையை எடுக்கும்வரை நிற்கவில்லை.

"நரம்பு விறைப்புதாண்ணா. பயப்படாதீங்க."

கலியபெருமாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளட்ச் மிதிக்கிறாரு," என்றார்.

"யாரு?"

"பச்சமுத்தண்ணன்."

ரத்தினம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மிச்சத்தை அவரே குழறிக் குழறி மஞ்சுவிடம் சொன்னார்.

பச்சமுத்து அவருடைய டிரைவர். ஒன்பது வருடம் இருவருக்கும் ஒரே வண்டி. அதே தெருவில் நாலு வீடு தள்ளித்தான் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால், மலையனூரிலிருந்து திரும்பும்போது, நிறுத்தமில்லாத இடத்தில் வண்டி மெல்ல ஓரங்கட்டி நின்றது. கலியபெருமாள் முன்னால் போய்ப் பார்த்தார். பச்சமுத்து ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தார். மூச்சு இல்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி இன்னும் கியரில்தான் இருந்தது. அவருடைய இடது கால் கிளட்சை அடிவரை மிதித்தபடி இறுகியிருந்தது. கலியபெருமாள் ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு வந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். வண்டி ஒரு முறை முன்னால் எகிறி அணைந்தது.

"தூக்குனேன்ல, அப்பவே எங்கிட்ட வந்துட்டுது."

மஞ்சு வாதாடவில்லை. எல்லாருக்கும் கொடுக்கும் பயிற்சித் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். அடுத்த முறை வந்ததும் அவருடைய விசிலை எடுத்துவரச் சொன்னாள்.

"டிரைவர் உங்க விசிலுக்குத்தானே வண்டி எடுப்பாரு?"

"ஆமா."

"அப்ப நீங்களே ஊதுங்க. ரெண்டு விசிலுக்கு எடுக்கட்டும். ஒண்ணுக்கு நிக்கட்டும்."

கோணிய உதட்டோரம் காற்று ஒழுகியது. விசில் சத்தம் வரவே ஒரு வாரம் ஆனது. பிறகு ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று இரண்டு முறை ஊதினார். இடது கால் தரையைவிட்டு எழுந்து, ஒரு சாண் முன்னால் போய் விழுந்தது. மறுபடி ஊதினார், மறுபடி எழுந்தது. ஒற்றை விசில் கொடுத்ததும் நின்றது. மஞ்சு சிரித்தாள். ஆனால் அடுத்த விசிலுக்கு முன்னால் ஓர் எட்டு பின்னால் நகர்ந்து நின்றாள்.

தண்ணீர்த் தொட்டி முதல் ஸ்டேஜ், ரேஷன் கடை இரண்டாவது ஸ்டேஜ் என்று தெருவையே அவருக்கு ரூட்டாகப் பிரித்துக் கொடுத்தாள். மூன்றாம் மாதம் கைத்தடியோடு காலையில் தெருவில் நடந்தார். இடது செருப்பு சர்ரென்று இழுபடும், பிறகு குதிகால் தொம்மென்று விழும்.

முதல் நாளே பச்சமுத்துவின் மனைவி மீனம்பாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த முறத்தோடு வாசலுக்கு ஓடிவந்தாள். அவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"தம்பி, நீயா."

"நான்தான் அண்ணி. இன்னா?"

"அவரு டியூட்டி முடிஞ்சி வர சத்தம். இப்படித்தான் இடது கால இழுத்துக்கினு வருவாரு."

அதற்குப் பிறகு தினமும் கலியபெருமாள் வரும் நேரத்தில் கதவைத் திறந்துவைத்து, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். சத்தம் கடந்து போனபின் எழுந்து கதவைச் சாத்துவாள். ஒரு நாள் மட்டும் அவரை நிறுத்தினாள்.

"அன்னைக்குத் தூக்குனப்ப அந்தக் காலு சூடா இருந்துச்சா?"

இரண்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. "சூடாத்தான் இருந்துச்சி அண்ணி. செருப்பு கூட கழலல."

அவள் குனிந்து, இரண்டு விரலால் அவருடைய இடது பாதத்தைத் தொட்டாள். விழுந்த நாளிலிருந்து எதுவும் உறைக்காத அந்தப் பாதத்தில் அவள் விரல்கள் உறைத்தன. கலியபெருமாள் வீட்டில் அதைச் சொல்லவில்லை.

அந்த வாரமே மஞ்சு கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். "இத போட்டா காலு இழுவாதுண்ணா. தடுக்கி விழ மாட்டீங்க."

அளவு சரியில்லை என்றார். கடிக்குது என்றார். இரண்டு வாரம் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிறகு ரேஷன் கடை எதிரில் தடுக்கி விழுந்து, தாடை கிழிந்து ரத்தத்தோடு வந்தார். ரத்தினம்மாள் துணியால் துடைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு எம் புருஷன் நடந்து வரணும். பச்சமுத்தண்ணன் வர வேணாம்."

மறுநாள் காலையில் அவரே அந்தப் பிளாஸ்டிக் கட்டை எடுத்துக் காலில் மாட்டினார். விசில் கொண்டுபோகவில்லை. கால் இழுபடவில்லை, தொம்மென்று விழவும் இல்லை. மீனம்பாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் வழக்கம்போல முதுகைக் காட்டி, காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலுக்கே வந்து நின்றும் திரும்பவில்லை.

"அண்ணி."

திடுக்கிட்டாள். "யாரு?"

"நான்தான். கலியபெருமாளு."

அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாள். குடித்துவிட்டு வந்தார். அடுத்த நாளிலிருந்து அந்தக் கதவு காலையில் திறக்கவில்லை.

ஏழாம் மாதம் பணிமனையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். பஸ்ஸிலேயே போய் வருகிறார். முன்பக்கம் சீட் காலியாக இருந்தாலும், டிரைவருடைய கால் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத்தான் உட்காருகிறார்.