சுகன்யா பேர் இல்லாமல் கேட்ட பூ

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் சுகன்யாவின் ஃபிளெக்ஸ் போர்டு வைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என் சித்தப்பா மகள். என்னோடு ஒரே வகுப்பில் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள். முதுகலையே படிக்காமல் நேராக பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஊர் மாநில எல்லையைத் தாண்டி மலையாளப் பக்கம் இருப்பதால், மலையாளத்தில் வாழ்த்துப் போட்டு ஆளுயரப் படம். கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் ஏறப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

எனக்கும் இரண்டு இடம் கிடைத்திருந்தது. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி.; ஹைதராபாத்தில் அவளுக்குக் கிடைத்த மாதிரியே நேரடி முனைவர் பட்டம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும். ஹைதராபாத்தில் என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நேர்காணலில் சுகன்யாவின் தலைப்பைத்தான் ஒப்பித்துவிட்டு வந்திருந்தேன். அதிலேயே வருஷக்கணக்கில் கிடக்க வேண்டும். ஆனாலும் அவள் டாக்டர், நான் வெறும் எம்.எஸ்சி.யா? நினைத்தாலே அழுகை வந்தது.

“ஏனுங்க, புள்ள சாப்புடறதே இல்லீங்க. அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க” என்று அம்மா அப்பாவிடம் சொன்னார்.

எங்கள் பக்கம் முடிவெடுக்கத் தெரியாதபோது மாரியம்மன் கோயிலில் பூக் கேட்போம். சிலையின் இரண்டு தோளிலும் பூசாரி ஈரப் பூவை ஒட்டிவைப்பார். கேள்வியை மனசுக்குள் கேட்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

‘தாயே, சுகன்யா மாதிரி நானும் ஹைதராபாத் போய் டாக்டர் ஆகட்டுமா?’ என்று கேட்டேன்.

எந்தப் பூவும் அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

பூசாரிக்கு அலுத்துவிட்டது. “அம்மிணி, பக்கத்து ஊட்டு ஆளு பேரைச் சேத்திக் கேட்டாப் பூ உழுகாதுங்க. உங்க காரியத்த மட்டும் கேளுங்க” என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனாலும் மனசுக்குள் சொன்ன பேர் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

சுகன்யாவை விட்டுவிட்டுக் கேட்கப் பார்த்தேன். ஹைதராபாத் என்று தொடங்கினால் அவள் வந்து நின்றாள். டாக்டர் என்றால் அந்த போர்டு வந்தது. அவளை எடுத்துவிட்டால் அங்கே போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. ‘தாயே, எனக்கென்று ஒரு கேள்வி கொடு’ என்று அழுதேன். அப்போது எங்கள் தோட்டம் ஞாபகம் வந்தது. ஓலை மஞ்சளடித்துச் சாகிற எங்கள் தென்னைகள். அது எதனால் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் தாவரவியலே எடுத்தேன்.

‘கோயம்புத்தூர் போய் முதலில் ஒழுங்காகப் படிக்கட்டுமா?’

வலப்பக்கப் பூ அம்மன் மடியில் விழுந்தது.

இப்போது எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். தென்னை வேரை அறுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முனைவர் பட்டமும் செய்வேன், என் கேள்வியோடு. பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சுகன்யா போட்டோ அனுப்பினால் இன்றைக்கும் சுருக்கென்கிறது. ஆனால் சோறு இறங்குகிறது. அதற்கே அம்மனுக்கு ஆயிரம் கும்பிடு.

வழி தெரியாமல் தவிக்கிறவர்கள் தாயை நம்பிப் போய்க் கேளுங்கள். கட்டாயம் சொல்வாள். அடுத்தவர் பேரை மட்டும் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.